கோயிம்பிரா போய்வந்த கதை

லிஸ்பன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஆகவே காரணம் எதுவும் சொல்லாமல், நேற்றுப் பார்த்துவந்த ஊரைப் பற்றி எழுதுகிறேன்.

மாடிவீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். போர்த்துக்கீசியம் எனக்குப் புரியவில்லை என்றால் அதையே இன்னும் உரக்கச் சொல்பவர். அவருடைய பங்குக் கோவிலிலிருந்து கோயிம்பிராவுக்குப் பேருந்து புறப்பட்டது. தன் தங்கைக்கு எடுத்திருந்த இருக்கை காலியாகவே, என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எனக்கு ஒரு காசும் செலவில்லை.

பழைய பேராலயத்துக்கு ஏறும் படிக்கட்டுக்கு 'முதுகொடிப்பான்' என்று பொருள்படும் பெயர். மூட்டுவலிக்காரப் பாட்டி எனக்கு முன்னே ஏறிவிட்டார். மேலே, முன்பு அரச மாளிகையாக இருந்த இடத்தில்தான் பல்கலைக்கழகம். 1290-இல் லிஸ்பனில் தொடங்கியது, 1537-இல் இங்கே நிலைபெற்றதாம். மணிக்கூண்டின் மணிக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆடு'. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐந்தாம் ஜுவாவ் மன்னர் கட்டிய நூலகத்தில் தரை முதல் கூரை வரை பொன்பூச்சுதான். அங்கே வௌவால்கள் குடியிருக்கின்றன. இரவில் அவை புத்தகப் பூச்சிகளைத் தின்றுவிடுவதால் விரட்டுவதில்லை, எச்சம் விழாமலிருக்க மேசைகளைத் தோலால் மூடிவிட்டுப் போகிறார்கள். வழிகாட்டி ஜன்னலையும் அலமாரியையும் சாவியையும் காட்டிச் சொன்ன சொற்கள் ஏறக்குறைய நம் வீட்டில் புழங்குபவையாகவே இருந்ததால் நான் தலையாட்ட, நான் மொழி கற்றுக்கொண்டுவிட்டேன் என்று பாட்டிக்கு ஒரே பெருமை.

மதியம் ஆற்றங்கரையில் அமர்ந்து, அவர் கட்டிக்கொண்டு வந்த மீன் உருண்டைகளைச் சாப்பிட்டோம். பெயர் என்னவாயினும் அது கருவாடுதான், அக்கா. நாள் முழுக்க ஊறவைத்து உப்பைப் போக்கிய பின் சமைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்தும் இதுதான். மிளகாய் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு எதிர்க்குன்றில் புனித இசபெல் அரசியின் வெள்ளிப் பேழை முன் எல்லாரும் செபமாலை சொன்னார்கள்.

வழிகாட்டி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அப்பா அடிக்கடி சொல்லும் போர்த்துக்கீசியக் குரு அண்டிரிக் அடிகளார் படித்தது இந்த ஊரில்தான். 1546-இல் கப்பலேறி, நம் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ச் செப நூலை அச்சிட்டவர், 1600-இல் நம் கரையிலேயே கண்மூடினார். ஆண்டுக்கொருமுறை போய்வரும் கப்பலில் அவருடைய வீட்டுக்கு எத்தனை கடிதம் போயிருக்கும் என்று எண்ணியபடி நான் அந்த முற்றத்தில் நின்றுவிட்டேன். எனக்கு விமானம் இருக்கிறது, கையில் தொலைபேசி இருக்கிறது. ஐந்து வாரம் ஆக்கினேன். மாதா கோவில் மணி காதில் கேட்டதுபோல் இருந்தது. பாட்டி வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நடந்தேன்.

ஆகஸ்டு 5 திருவிழாவுக்கு வர இயலாது. விடுப்பு இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அப்பாவின் கண் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். பாப்பாவின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று உடனே எழுதுங்கள். இரண்டு தவணையாகக் கட்ட விடுவார்களா என்றும் விசாரியுங்கள், சும்மாதான் கேட்கிறேன். வீட்டுப் பத்திரத்தில் என் கையொப்பம் வரும்வரை சித்தப்பாவிடம் அத்தான் எதுவும் பேச வேண்டாம்.

உங்கள் தம்பி