முதலில் கூப்பிட வேண்டியவர்கள்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது. அவளுக்கு என் ஆசி. எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, பழையபடி படிக்க முடிகிறது.

பொது நிலத்தைக் காப்பாற்றக் கூட்டம் போட்டீர்கள், வந்தவர்கள் எல்லாருமே ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்கள்தான் என்று எழுதியிருந்தாய். மாடு மேய்ப்பவர்களைக் கூப்பிட்டால் தகராறு வரும் என்று விட்டுவிட்டீர்களாமே. எனக்கு உறுத்தியது அதுதான். உனக்கு மல்ஹியூர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 1908இல் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்த பறவைகள் சரணாலயம் அது. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். அதற்கெல்லாம் முன்பிருந்தே அது பையூட் பழங்குடியினரின் மண். மேய்ச்சலையும் தண்ணீரையும் வைத்துப் பண்ணைக்காரர்களுக்கும் சரணாலயத்துக்கும் நெடுங்கால மனக்கசப்பு. அடுத்த 15 ஆண்டுகளுக்கான நிர்வாகத் திட்டம் தயாரிக்க வேண்டி வந்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் கருத்துக் கேட்கும் வழக்கத்தை இந்த முறை விட்டார்கள். பண்ணைக்காரர்கள், பழங்குடியினர், சூழல் அமைப்பினர் எல்லாரையும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்காரவைத்தார்கள். 2013இல் திட்டம் முடிந்தது.

அவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? கெண்டை மீன். வெளியிலிருந்து வந்து சரணாலயத்து ஏரியை நிறைத்துவிட்ட சாதாக் கெண்டை, இரைக்காக அடிமண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கலங்கும், வெயில் உள்ளே இறங்காது, நீர்ச்செடிகள் அழியும், செடிகளை நம்பி வந்த வாத்துகளும் குறையும். மேய்ச்சல் சரியா தவறா என்று எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சண்டை போடலாம். கலங்கிய ஏரி நல்லது என்று சொல்ல அங்கே ஆளில்லை. அதனால் ஏரியை மீட்பது திட்டத்தில் முன்னுக்கு வந்தது. மாடுகளையும் அடியோடு விரட்டவில்லை. எங்கே, எப்போது மேய்த்தால் பறவைக்கும் உதவும் என்று பேசினார்கள்.

2016 ஜனவரியில் வெளியூர் ஆட்கள் துப்பாக்கியோடு வந்து சரணாலய அலுவலகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அரசு நிலத்தை உள்ளூராரிடம் ஒப்படை என்பது கோஷம். பண்ணைக்காரர்கள் திரண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். முற்றுகை 41 நாள் நீடித்தது. அரசின் மேல் உள்ளூரில் கோபம் இல்லாமல் இல்லை, சிலர் ஆதரித்தார்கள்கூட. ஆனால் பெரும்பாலோர் சேரவில்லை, ஊருக்குத் திரும்பிப் போங்கள் என்றே பலர் சொன்னார்கள். பல வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய பழக்கம்தான் அன்று கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

அதே அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் பிளாக்ஃபுட் ஆற்றுப் பகுதிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: ஒத்துப்போகிற 80 சதவீதத்தில் வேலையை ஆரம்பி, ஒத்துப்போகாத 20ஐ அப்புறம் பார். 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரமும் உலகமெங்கும் பொதுவளங்களை ஆராய்ந்து இதற்குப் பக்கத்தில்தான் வந்து நின்றார். விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர்களுக்கு அந்த விதியை வகுப்பதிலும் பங்கு இருக்கும் இடங்களில்தான் பொதுவளம் நீடிக்கிறது என்றார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார். நிலத்தை வளைத்துப்போட்டு விற்கப் பார்ப்பவனோடு சமரசம் பேச ஒன்றுமில்லை, அவனுக்குச் சட்டம்தான். மாடு ஓட்டிப் பிழைப்பவர் அப்படியா? நிலம் போனால் முதலில் நிர்க்கதியாகப் போவது அவர்தானே. எந்தப் பள்ளத்தில் கோடையிலும் ஈரம் நிற்கிறது, எந்தப் பக்கம் களை ஏறுகிறது என்பதெல்லாம் உங்கள் குழுவில் யாரையும்விட அவருக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தை அவர்கள் மாட்டைப் பட்டியில் அடைத்த பிறகு, அவர்கள் இடத்திலேயே வை. தயாராக எழுதிய தீர்மானத்தைக் கையில் கொண்டுபோகாதே. நிலத்தில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று அவர்கள் வாயால் கேள். முதல் நாள் வசவும் விழும், வாங்கிக்கொள்.

மாதக் கடைசியில் அந்தப் பக்கம் வருகிறேன். தேதியை அதற்கேற்ப வைக்க முடியுமானால் சொல், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்