நிக்சன் அப்படிச் சொன்னது எதற்காக?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தலைவர்களின் வரிச் சர்ச்சைகள் பற்றிய கட்டுரையில் முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்சன் படத்தின் கீழ், 'வாட்டர்கேட்டில் சிக்கியபோது, நான் மோசடிக்காரன் அல்ல என்றார்' என்று போட்டிருக்கிறீர்கள். எதிர்க்கட்சி அலுவலகத்தை உளவு பார்த்ததையும் அதை மூடி மறைத்ததையும் பற்றிய விவகாரம்தான் வாட்டர்கேட். எல்லோரும் அந்த வாக்கியத்தை அதோடு சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். வரி பற்றிய கட்டுரையிலுமா?

அந்தப் பேச்சுக்கு முன்கதை உண்டு. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் ஜர்னல் நாளிதழில் ஜாக் ஒயிட் என்றொரு நிருபர். ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிய அதிபர், 1970இல் கட்டிய வருமான வரி 792.81 டாலர், 1971இல் 878.03 டாலர் என்று கண்டுபிடித்துவிட்டார். எழுத உட்கார்ந்த நேரம் பார்த்து ஊழியர் வேலைநிறுத்தம். தட்டச்சுப் பொறியிலிருந்து தாளை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வேறு பத்திரிகை முந்தியிருந்தால் கதை போச்சு! முந்தவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து அக்டோபர் 1973இல் செய்தி வந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் வந்தது.

செய்தி வந்த அதே 1973இல், நவம்பர் 17 அன்று ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டம். அதில் இந்த வரித்தொகை சரியா என்று எழுந்து கேட்டவர், ஒயிட்டின் பத்திரிகைக் குழுமத்தையே சேர்ந்த ஆசிரியர். பணவிவகாரம் பற்றிய பதில்களின் தொடர்ச்சியாகத்தான் நிக்சன் அந்த வாக்கியத்தைச் சொன்னார். நீதிக்குத் தடை போட்டதில்லை என்றும் நடுவில் ஒரு வாக்கியம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அவர் பேசியது, தன்னிடம் இருப்பதெல்லாம் உழைத்துச் சம்பாதித்தது என்பதைத்தான்.

தணிக்கை வேலையில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அந்த 792 டாலர் பெரிதாகப் படவில்லை. வரி குறைவாக இருப்பதே குற்றமாகிவிடாது. பார்க்கவேண்டியது தேதியை. துணை அதிபராக இருந்த காலத்துக் காகிதங்களை தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நன்கொடையாகத் தந்ததாகச் சொல்லி, 5,76,000 டாலர் மதிப்புக் காட்டி வருமானத்தில் கழித்துவந்தார். 1969 ஜூலை 25க்குப் பிறகு தந்த காகிதங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நன்கொடைப் பத்திரத்தில் இருந்ததோ 1969 மார்ச் தேதி. கையெழுத்தானது 1970இல்! நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஆராய்ந்து, வட்டியோடு 4,76,431 டாலர் பாக்கி என்றது. பத்திரத்தில் கையெழுத்திட்ட வெள்ளை மாளிகை உதவியாளர் எட்வர்ட் மார்கன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். கருவூலத் துறையில் உதவிச் செயலர் பதவி வரை உயர்ந்திருந்தவர்.

தங்கள் கட்டுரையில் அந்தப் பத்திரம் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. டிரம்ப் பகுதியிலும் இதே கதைதான். டிரம்ப் கட்டிய வருமான வரி என்று 2020இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட 750 டாலரை மூன்று இடங்களில் சொன்ன கட்டுரையாளர், அதே செய்தியில் பக்கம் பக்கமாக விளக்கியிருந்த தொழில் நஷ்டக் கணக்கைத் தொடவே இல்லை. 750 நாக்கில் ஒட்டிக்கொள்கிறது, நஷ்டக் கணக்கைப் படிக்கத்தான் பொறுமை வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்துங்கள். இடமிருந்தால் ஜாக் ஒயிட்டின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்