மேலானதும் மேலோட்டமானதும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மாடிப்படியில் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதில் பதில் தள்ளிப்போய்விட்டது. பயப்படாதே, சீட்டில் மருத்துவர் ‘சூப்பர்ஃபிஷியல்’ என்றுதான் எழுதியிருக்கிறார். உன்னைத் தூங்கவிடாத அதே சொல்!

உன் அறிக்கையை ‘சூப்பர்ஃபிஷியல்’ என்று மேலதிகாரி திருப்பி அனுப்பினாரே, அது திட்டா என்று கேட்டிருந்தாய். திட்டுதான். ஆனால் சொல்லின் மேல் பழி போடாதே. லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே. அதோடு முகத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்து மேற்பரப்பு என்றானது. காயத்துக்குச் சொன்னால் ஆறுதல்: தோலோடு நின்றுவிட்டது, சதைக்குள் இறங்கவில்லை. வேலைக்கும் பேச்சுக்கும் சொன்னால்தான் குத்துகிறது. நல்லதையெல்லாம் ‘சூப்பர்’ என்கிறோமே, அதே சூப்பர்தான் இங்கே குறையாக உட்கார்ந்திருக்கிறது. தமிழ் மட்டும் என்னவாம்? மேலான எண்ணம் என்றால் பாராட்டு, மேலோட்டமான எண்ணம் என்றால் குறை.

ஆழமில்லாதது என்கிற பொருளில் ‘ஷாலோ’ என்று உன் மேலதிகாரி எழுதியிருந்தால் இன்னும் வலித்திருக்கும். அது தண்ணீரை அளக்கிற சொல். குட்டைக்குச் சொன்னால் முழங்கால் ஆழம், அவ்வளவுதான். அறிக்கைக்குச் சொன்னால், இறங்கித் தேடினாலும் உள்ளே ஒன்றும் கிடைக்காது என்கிற தொனி வந்துவிடும். சூப்பர்ஃபிஷியலில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்: அடியில் ஏதோ இருக்கிறது, நீதான் இறங்கவில்லை. ஆளைப் பார்த்துச் சொன்னால் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அப்புறம், தமிழில் எழுதும்போது இந்த இரண்டு சொல்லுக்கும் எல்லா இடத்திலும் ‘மேலோட்டமான’ போட்டுவிடாதே. மேலோட்டமான காயம் சரி. மேலோட்டமான மூச்சு என்றால் ஒரு மாதிரியாக இருக்கிறது; மூச்சை ஆழமாக இழுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாலு பக்கம் புரட்டிவிட்டு எல்லாம் தெரிந்தவன்போலப் பேசுகிறவனுக்கு ‘நுனிப்புல் மேய்கிறான்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் கட்சி. மாடு நகர்ந்துபோன பிறகும் அடிப்புல் அப்படியே நிற்பது கண்ணுக்குத் தெரிகிறதே!

நீ அனுப்பிய அறிக்கையை நானும் படித்தேன். விற்பனை குறைந்தது என்று மூன்றாம் பக்கத்தில் மட்டும் நான்கு தடவை வருகிறது. ஏன் குறைந்தது என்று ஒரு வரிகூட இல்லையேடா. அதை எழுதிச் சேர்த்து அனுப்பு. முழங்கை ஆறியதும் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்