வண்டி ஏசி படிக்கும் பிள்ளைகளின் கையில் ஒரு முழு வேலையைக் கொடுங்கள்

டெல்டா மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களின் முதல்வர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் கார், வேன், லாரி ஏசி வேலை பார்க்கும் பட்டறைக்காரர்கள் எழுதுகிறோம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். இனி நெல் மூட்டை ஏற்றும் லாரியும் ஏசி வேலைக்கு வந்து நிற்கும். ஆனால் மோட்டார் மெக்கானிக் பிரிவில் ஏசி ஒரு சின்னப் பாடம். குளிர்பதனப் பிரிவில் ஃப்ரிட்ஜுக்கும் வீட்டு ஏசிக்கும்தான் பெரும்பங்கு. நடுவில் விடுபட்டுப் போவது வண்டி ஏசி. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பழைய கேஸை மீட்பதில் தொடங்கி, லீக் பார்த்து, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வேக்கம் போட்டு, எடை பார்த்துப் புதுக் கேஸ் ஏற்றுவது வரை ஒரு முழு வேலையைத் தனியாளாகச் செய்து காட்டிய பிறகே மாணவருக்குத் தேர்ச்சி கொடுங்கள்.

இந்த வேலையில் அவசரப்படுகிறவர்கள் முதலில் கைவிடுவது வேக்கத்தைத்தான். ஐந்து நிமிடம் பம்பு ஓடினால் போதும் என்று நினைக்கிறார்கள். 30 டிகிரியில் குழாய்க்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வேண்டுமென்றால், உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் அரை மணி நேரமாவது பம்பு ஓட வேண்டும். அப்புறம் அழுத்தம் காட்டும் கேஜின் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, பதினைந்து நிமிடம் ஊசியையே பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். ஈரத்தோடு கேஸ் ஏற்றினால் கேஸைச் சின்னத் துளை வழியாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டும். வண்டி கொஞ்ச நேரம் நன்றாகக் குளிரும், பிறகு குளிர் நின்றுபோகும், அணைத்து வைத்துப் போட்டால் மறுபடி குளிரும். காரணம் புரியாமல் நல்ல வால்வைக் கழற்றி வீசுகிறார்கள். நாகை, வேதாரண்யம் போன்ற கடலோரக் காற்றில் இது இன்னும் மோசம். கழற்றிய குழாய் வாயை உடனே மூடுவது, கம்ப்ரசருக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. ஆயில் டப்பாவைத் திறந்து வைக்காமல் இருப்பது, நாள்கணக்கில் திறந்து கிடந்த சிஸ்டத்துக்கு ஈரம் உறிஞ்சும் ட்ரையரை மாற்றுவது எல்லாம் கைப்பழக்கமாகவே வர வேண்டியவை.

வேக்கத்துக்கு முன்னால், லீக் பார்க்க நைட்ரஜன். ரெகுலேட்டர் மாட்டி 150 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரின் காற்றை விட்டால் அதோடு ஈரமும் உள்ளே போய்விடும். ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடவே கூடாது. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது அளவு. இன்ஜினை அணைத்துவிட்டு கேஜ் மாட்டினால், 30 டிகிரியில் வண்டி ஏசிக்குப் போடும் 134ஏ கேஸ் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும், கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை ஊசி அதே இடத்தில்தான் நிற்கும். அதைவிட நன்றாகக் கூடுதலாகக் காட்டினால் காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி ஓடும்போதும் அழுத்தம் குறைந்த பக்கமான லோ சைடு ஊசியை மட்டும் நம்ப முடியாது. இப்போதைய பல கம்ப்ரசர்கள் தாம் தள்ளும் கேஸின் அளவைத் தாமாகவே கூட்டிக் குறைத்து அந்த அழுத்தத்தை ஒரே நிலையில் வைத்துக்கொள்கின்றன. ஆகவே பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராமை எடை மெஷினில் பார்த்து ஏற்றுவதுதான் வழி. சின்னக் காருக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும் வேலையில் 100 கிராம் பிசகினாலே பெரிய பிசகு. குழாயைத் தொட்டுப் பார்த்து "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்கிற பழக்கம் பயிற்சிக் கூடத்திலேயே முறிய வேண்டும்.

பழுதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், உண்டாக்கிக் காட்டுங்கள். இன்ஜின் ஓடும் பழைய வண்டி ஒன்று போதும். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் பாதியை அட்டையால் மறைத்து, இரண்டு பக்க ஊசியும் எங்கே போகிறது என்று மாணவரே எழுதட்டும். அழுத்தம் கூடிய பக்கமான ஹை சைடு 350 பி.எஸ்.ஐ.-ஐத் தொட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். தை, மாசி அறுவடையில் வயல் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு நடப்பது இதேதான்: கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பதரும் வைக்கோல் தூசும் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறியதைப் பார்த்து, கேஸ் அதிகமாகிவிட்டது என்று திறந்துவிடுவார்கள். மெதுவான தண்ணீரை உள்பக்கமிருந்து வெளியே பாய்ச்சிக் கழுவினால் தீர்ந்துபோகும் வேலை அது. பிரஷர் வாஷரை நேராகக் காட்டினால் ஃபின் மடங்கிவிடும். இன்னொரு நாள் கண்டன்சர் ஃபேனின் கனெக்டரைக் கழற்றி வையுங்கள். வேறொரு நாள் 150 கிராம் குறைத்து ஏற்றுங்கள்.

கேஸைக் காற்றில் விடும் வழக்கத்துக்கு முடிவு கட்ட மீட்பு மெஷின் ஒன்று அவசியம். 134ஏ கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், அது ஆயிரத்து நானூறு கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இத்தகைய கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி திருத்தத்தை 2021-ல் இந்தியா ஏற்றிருக்கிறது. மின்சார வண்டிகளின் கம்ப்ரசருக்கு இந்த பி.ஏ.ஜி. ஆயில் ஆகாது, மின்காப்பு கெட்டுவிடும். அதற்கென்று சொல்லப்பட்ட ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயரைத் தொடுவதற்கு முன் மின்னிணைப்பைத் துண்டிக்கும் முறையையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

ஒரு மெஷினைச் சுற்றி முப்பது பேர் நின்று வேடிக்கை பார்ப்பதைப் பயிற்சி என்று கணக்கில் எழுத வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு கேஜ் செட், ஒரு எடை மெஷின், ஒரு வேக்கம் பம்பு என்று பிரித்துக் கொடுங்கள். பழுதான கம்ப்ரசர், ஓட்டை விழுந்த கண்டன்சர், கூலிங் காயில் எல்லாம் எங்கள் பட்டறைகளில் கிடக்கின்றன. கேட்டால் கொண்டுவந்து தருகிறோம். செய்முறைத் தேர்வு நாளில் பக்கத்தில் நின்று மதிப்பிடவும் வருகிறோம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்ட வண்டி ஏசி பட்டறைக்காரர்கள்