ஃபுளோரன்ஸ் குறுகியகாலப் படிப்பு: அறிவித்த பாடமும் கிரெடிட்டும் வழங்கப்படாதது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
சென்னை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த ஜூன் மாதம் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் தங்கள் நிறுவனம் நடத்திய மூன்று வார மறுமலர்ச்சிக்கால வரலாற்றுப் படிப்பில், 3,40,000 ரூபாய் செலுத்திச் சேர்ந்த முதுகலை வரலாறு மாணவி நான். படிப்பு என்று விற்கப்பட்டது சுற்றுலாவாகவே முடிந்தது என்பதே என் புகார்.

நான் இதில் சேர்ந்ததற்குக் காரணம், தங்கள் பாடத்திட்டத்தில் இரண்டாம் வாரப் புதன்கிழமைக்குக் குறித்திருந்த நிகழ்ச்சி. அன்று காலை ஃபுளோரன்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தில் 1427ஆம் ஆண்டின் 'கதாஸ்தோ' வரிப் பதிவேடுகளைப் பார்வையிடுவதாகவும், மாலையில் ஆர்னோ ஆற்றின் மறுகரையிலுள்ள பிராங்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோவின் சுவரோவியங்களைக் காண்பதாகவும் அதில் இருந்தது. குடும்பந்தோறும் சொத்தையும் கடனையும் கணக்குக் கொடுக்கவைத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு 'வாய்'க்கும் 200 ஃபுளோரின் (அந்நகரின் பொன் நாணயம்) கழித்து வரி கணித்த அந்தப் பதிவேட்டில் ஏறத்தாழ 60,000 குடும்பங்கள் இடம்பெற்றுள்ளன. (நாம் 'எத்தனை வயிறு' என்று கேட்பதை அவர்கள் 'எத்தனை வாய்' என்று எழுதியிருக்கிறார்கள்.) அதே ஆண்டில் மசாச்சோவின் பெயரிலும் ஒரு கணக்கு தாக்கலாகியிருக்கிறது. ஓவியரின் குடும்பக் கடனைக் காலையில் படித்துவிட்டு மாலையில் அவர் தீட்டிய சுவர்முன் நிற்கும்படி அந்த நாளை அமைத்தவர் யாராயினும் விஷயம் தெரிந்தவர். என் ஆய்வேடும் குடும்பக் கணக்குகளைப் பற்றியதே.

அந்த நாள் நடக்கவேயில்லை. காப்பகத்தின் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லை என்றும், நேரம் குறித்துச் சிறு குழுக்களை மட்டும் அனுமதிக்கும் சிற்றாலயத்துக்கு முன்பதிவு செய்யவில்லை என்றும் தங்கள் ஒருங்கிணைப்பாளர் அன்று காலையில்தான் தெரிவித்தார். மாற்றாக, சான் லொரென்சோ பகுதியின் தோல்பொருள் சந்தைக்கு எங்களை அழைத்துச் சென்றார். உஃபீட்சி கலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை குறித்திருந்தீர்கள். திங்கட்கிழமை அதற்கு வார விடுமுறை என்பதைப் பூட்டிய கதவின்முன் நின்றுதான் அறிந்தோம். விசாவுக்காகத் தாங்கள் தந்த கடிதத்தில் பயண நோக்கம் 'சுற்றுலா' என்றிருந்ததைச் சுட்டிக்காட்டியபோது, அது வெறும் சம்பிரதாயம் என்று பதிலளித்தீர்கள். இப்போது பார்த்தால், தங்கள் தாள்களிலேயே உண்மையைச் சொன்னது அந்த ஒன்றுதான்.

நியாயமாகச் சொல்வதானால், சான் மார்கோ மடத்தில் ஃபிரா ஆஞ்செலிகோவின் ஓவியங்களை அறை அறையாக விளக்கிய விரிவுரையாளரிடம் நான் கற்றது அதிகம். தங்குமிடத்திலும் உணவிலும் எனக்குக் குறையில்லை.

கிரெடிட் விஷயம் இதனினும் கடுமையானது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்பின் அளவைக் கணக்கிடும் ஈ.சி.டி.எஸ். முறையில் 6 கிரெடிட் கிடைக்கும் என்று எழுத்து மூலம் உறுதியளித்தீர்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாசிப்பும் எழுத்துப்பணியும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அம்முறையின் கணக்கு; ஆக 150 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டின்படி நடந்த வகுப்பு 22 மணி நேரம். கட்டுரையோ தேர்வோ வைக்கப்படவில்லை. சந்தையில் பேரம் பேசிய நேரத்தைச் சேர்த்தாலும் கணக்கு நேராகாது. இறுதியில் தந்தது தங்கள் முத்திரையிட்ட பங்கேற்புச் சான்றிதழ் மட்டுமே. எந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலும் அதனுடன் இல்லாததால் எங்கள் துறை அதை ஏற்க மறுத்துவிட்டது.

எனவே, வாக்களித்த கிரெடிட்டை வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதன் மதிப்பெண் பட்டியலையும் அனுப்புங்கள். அது இயலாதெனில், ரசீதில் 'கல்விக் கட்டணம்' எனத் தனியே காட்டியுள்ள 1,60,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பாடத்திட்டம், ரசீது, துறைத்தலைவரின் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
ஃபுளோரன்ஸ் ஜூன் குழு மாணவி