கேபினட் செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்: உள்ளே என்ன பொருந்தும், எவ்வளவு சத்தம் வரும் என்று அட்டைப்பெட்டி மேலேயே எழுதுங்கள்

கம்ப்யூட்டரின் உள்பாகங்களை வைக்கும் வெளிப்பெட்டியான கேபினட்டுகளைச் செய்கிற, இறக்குமதி செய்கிற, சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் விற்கிற எல்லோருக்கும், அப்புறம் தங்கள் டெஸ்க்டாப்பை வேறு எந்தப் பெட்டிக்கும் மாற்ற முடியாதபடி செய்து விற்கிற பெரிய நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தொழிலை உங்களுக்கே சொல்லித்தர நான் வரவில்லை. எந்த மதர்போர்டு எந்தப் பெட்டியில் உட்காரும், எந்த ஃபேன் எவ்வளவு கத்தும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை ஏன் அட்டைப்பெட்டி மேல் எழுத மாட்டேன் என்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. போன மார்ச்சிலிருந்து இரண்டு கேபினட் வாங்கிவிட்டேன். இரண்டும் உதவவில்லை. இப்போது பக்கவாட்டு மூடி சுவரோரம் சாய்ந்து நிற்க, வயர்கள் வெளியே தெரிய ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனக்குச் சத்தம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாத பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஏழு வருடமாகச் செய்கிறேன், காசு வாங்குவதில்லை. வீடு பெரம்பூரில், ஒரு ஹால் ஒரு படுக்கையறை. பகலில் ஹாரன், குக்கர், பக்கத்து வீட்டு டிவி என்று ஒரே சத்தம், பதிவு நடக்காது. அதனால் இரவு பத்தரைக்கு மேல், ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் மைக்கைத் திறப்பேன். கழுத்தில் வியர்வை வழியும், துண்டை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். தண்டவாளத்தில் சரக்கு ரயில் போனால் நிறுத்திக் காத்திருப்பேன், இரண்டு மூன்று நிமிடத்தில் அது போய்விடும். காலடியில் இருக்கும் கம்ப்யூட்டர் எங்கே போகும்?

சென்ற வருடம் ஒரு மாணவி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, உங்க குரலுக்குப் பின்னாடி ஒரு வண்டு சுத்திக்கிட்டே இருக்கு. ஸ்பீடா வச்சுக் கேட்டா வண்டு மட்டும்தான் கேக்குது" என்றாள். இந்தப் பிள்ளைகள் பலரும் நம்மைப் போலச் சாதாரண வேகத்தில் கேட்பதில்லை, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். அந்த வேகத்தில் ஃபேனின் ரீங்காரமும் வார்த்தை மேல் ஏறிக்கொள்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சலை நீக்கிப் பார்த்தேன். ச, ஸ, ஷ எழுத்துகளின் காற்றும் சேர்ந்து போய், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிட்டது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு ஆண்டோ ஒரு பெயரோ தெளிவாகக் கேட்காவிட்டால் அந்தப் பெண் யாரிடம் போய்க் கேட்பாள்? அவளுக்குப் புத்தகமே அந்த ஒலிதான்.

மெஷினை ஏன் வெளியே வைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். மைக்கின் யுஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது, அந்த ஐந்து மீட்டருக்குள் என் வீட்டில் இன்னொரு அறையும் இல்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். என்னுடையது ஆபீஸில் ஓடிக் கழிந்து வந்த ஒரு பிராண்டட் டெஸ்க்டாப். பதினான்காயிரத்துக்கு வாங்கினேன், குறை சொல்ல முடியாது, நன்றாகவே உழைத்தது. ஆனால் பெட்டி சின்னது, உள்ளே இருந்த ஃபேன்கள் எல்லாம் 80 மில்லிமீட்டர். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். 120 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு அதைவிட இரண்டேகால் மடங்கு, அதனால் அது மெதுவாகச் சுற்றினாலே போதும். வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான், பெரிய ஃபேன் உள்ள ஒரு அமைதியான கேபினட் வாங்கி உள்ளிருப்பதை அப்படியே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். முன்பக்கம் 'சைலன்ட்' என்று வெள்ளி எழுத்தில் ஒட்டியிருந்த ஒரு கேபினட்டை 3,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் பேப்பர் விரித்து, கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு, போர்டை எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்தேன். போர்டின் ஓட்டைகளில் மூன்றுதான் பெட்டியின் ஓட்டைகளோடு சேர்ந்தன. பிராசசர் மேல் உட்காரும் கூலரின் நான்கு ஸ்க்ரூவும் போர்டைத் தாண்டிப் பழைய பெட்டியின் தகட்டில் போய் முடுக்கும்படி செய்திருந்தார்கள், அதாவது பெட்டியை விட்டு வந்தால் கூலருக்குப் பிடிமானமே இல்லை. பின்பக்கம் கேபிள் சொருகும் இடத்துத் தகடு பழைய பெட்டியோடு ஒட்டிய ஒன்று. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கனெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பின். பவர் பட்டன் வயர்கூட வேறு மாதிரி. எப்படியோ ஒப்பேற்றி ஆன் செய்தால், முன்பக்க ஃபேனைக் காணோம், ஒரு கீயை அழுத்து என்று ஒவ்வொரு தடவையும் திரையில் வந்து நிற்கிறது. மதியம் இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் திரும்பப் பழைய பெட்டியிலேயே மாட்டினேன். கடையில் கேபினட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது "ஓபன் பண்ணிட்டீங்களே மேடம்" என்றார்கள். ஓபன் பண்ணாமல் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

பெரிய நிறுவனங்களே, இது உங்களுக்கு. இன்டெல் 1995இல் போர்டுக்கும் பெட்டிக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் அளவுமுறையைக் கொண்டுவந்தது, இரண்டு வருடத்தில் அதன் சின்ன வடிவமான மைக்ரோ ஏடிஎக்ஸ் வந்தது. 244க்கு 244 மில்லிமீட்டர், இன்னின்ன இடத்தில் ஓட்டை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு கம்பெனி போர்டு இன்னொரு கம்பெனி பெட்டியில் உட்காருகிறது, தெருவோர அசெம்பிளிக் கடைகூடப் பிழைக்கிறது. இவ்வளவு நாளாக எல்லோரும் மதிக்கிற ஒரு ஒழுங்கை நீங்கள் மீறுவதற்கு ஏதோ காரணம் இருக்கலாம், செலவோ இடமோ. மீறுங்கள், ஆனால் வாங்கும்போதே சொல்லுங்கள். 'இதன் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பொது அளவில் இல்லை, வேறு கேபினட்டில் பொருந்தாது' என்று ஒரு வரி. ஃபேன் தேய்ந்து கத்த ஆரம்பித்ததும் நல்ல மெஷினையே தூக்கிப் போட வேண்டிய நிலைக்கு ஆளைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

அடுத்து இரண்டாவது முறை. என் அவசரம்தான் தப்பு என்று எண்ணி, மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, புது எஸ்எம்பிஎஸ், உயரமான ஒரு கூலர் எல்லாம் முறையாக வாங்கினேன். "எல்லாம் பொருந்தும் மேடம், கவலையே படாதீங்க" என்று ஒரு கேபினட்டைக் காட்டினார்கள். முன்னால் கண்ணாடி, பல நிறத்தில் லைட் எரியும் மூன்று ஆர்ஜிபி ஃபேன். லைட் வேண்டாமே என்றேன், லைட் இல்லாததே இப்போது வருவதில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த மூன்று ஃபேனும் போர்டில் சொருகும்படி இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸின் மோலக்ஸ் என்ற நான்கு பின் வயரிலிருந்து நேராகப் 12 வோல்ட் வாங்கி எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றுகிறவை. குறைக்க வழியே கிடையாது. போதாததற்கு, கூலரின் உயரம் 158 மில்லிமீட்டர், பக்கவாட்டு மூடி ஒரு விரற்கடை அளவு சாத்த முடியாமல் நிற்கிறது. இதுதான் என்னை உட்காரவைத்து எழுத வைத்தது.

அந்த அட்டைப்பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை. நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். லைட் எத்தனை நிறத்தில் எரியும் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. எம்ஆர்பி இருக்கிறது, இறக்குமதி செய்தவர் முகவரி இருக்கிறது, எந்த மாதம் செய்தது என்று இருக்கிறது, ஏனென்றால் பொட்டலப் பொருட்களுக்கான சட்டம் அதைக் கேட்கிறது. கூலர் எவ்வளவு உயரம் வரை போகும் என்ற ஒரே ஒரு எண் எங்கேயும் இல்லை. ஃபேன் எந்த வயரில் ஓடும் என்று இல்லை. சத்தம் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது இதைத்தான். எந்த அளவு போர்டு உட்காரும், கூலர் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை, கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை நீளம் வரை, எந்த வகை எஸ்எம்பிஎஸ், கூட வரும் ஃபேனின் வேகத்தை போர்டிலிருந்து குறைக்க முடியுமா முடியாதா, எவ்வளவு சத்தம் வரும் என்று அட்டைப்பெட்டி மேலேயே எழுதுங்கள். சத்தத்தை எழுதும்போது வெறும் '20 டெசிபல்' என்று போடாதீர்கள், எந்த வேகத்தில், எத்தனை தூரத்திலிருந்து அளந்தது என்றும் போடுங்கள். கம்ப்யூட்டர் சாதனங்களின் சத்தத்தை எப்படி அளப்பது என்பதற்கு ஐஎஸ்ஓ 7779 என்ற உலகத்தரமே இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். உள்ளே ஃபோம் ஒட்டி நாலாப்பக்கமும் மூடிய 'அமைதி' கேபினட்டுகள் குளிர்ந்த நாட்டு அறைகளில் அமைதியாக இருக்கலாம். கத்திரி வெயில் நேரத்துச் சென்னையில், இரவிலும் அனல் அடங்காத அறையில், சீலிங் ஃபேனும் நின்றிருக்கும்போது அந்தப் பெட்டி காற்றில்லாமல் கொதித்து, பிராசசர் ஃபேன் முழு வேகத்துக்குப் போய் முன்னைவிட அதிகமாகத்தான் கத்தும். மே மாதம் அந்த மூன்று ஃபேனில் இரண்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், ஒரு பாடத்தின் பாதியில் அப்படித்தான் ஆனது. எங்கள் ஊருக்கு வேண்டியது முன்பக்கம் வலை, கழற்றிக் கழுவ ஒரு தூசி வடிகட்டி, மெதுவாகச் சுற்றும் இரண்டு பெரிய ஃபேன், அதிராத தடிமனில் தகடு. கண்ணாடி வேண்டாம், லைட் வேண்டாம். இப்படி ஒன்று இருந்தால் ஐந்நூறு ஆயிரம் கூடுதலாகக் கொடுக்க நான் தயார், என்னைப் போல் பலர் தயார்.

சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் கட்டாயம். ஏசி வாங்கப் போனால் விவரத் தாளில் டெசிபல் போட்டிருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, அது தெருவுக்கான கணக்கு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரி முழுக்கப் படிக்கிற பிள்ளையின் காலடியில், வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவரின் கட்டிலோரத்தில் ஓடும் பொருளைப் பற்றி மட்டும் யாரும் எதையும் எழுத வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்? எதைக் கேட்டாலும் "பொருந்தும் மேடம்", பொருந்தவில்லை என்றால் "ஓபன் பண்ணிட்டீங்களே". வாங்குகிறவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போவது உங்கள் கடையில் மட்டும் நடப்பதில்லை, இந்த ஊரில் எதை வாங்கினாலும் இதே கதையாக இருக்கிறது, அதைப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் போதாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கடையில் நிற்கிற தம்பிகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அட்டைப்பெட்டியில் இல்லாததை அவர்கள் மட்டும் எங்கிருந்து படித்துச் சொல்வார்கள்? அதனால்தான் செய்கிறவர்களையும் இறக்குமதி செய்கிறவர்களையும் திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன்: உள்ளே என்ன பொருந்தும், எவ்வளவு சத்தம் வரும் என்று பெட்டி மேல் அச்சடியுங்கள். அடுத்த சரக்கு வரும்வரை ஒரு ஸ்டிக்கராவது ஒட்டுங்கள்.

விற்கிறவர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். பிளஸ் டூ வரலாற்றில் இன்னும் ஆறு பாடம் பாக்கி இருக்கிறது, பிள்ளைகளுக்கு மார்ச்சில் தேர்வு. வருகிற சனிக்கிழமை காலை நான் ரிச்சி தெருவுக்கு வருகிறேன். கையில் அளவு டேப்பும் என் கூலரும் இருக்கும். டிஸ்ப்ளேயில் இருக்கும் ஏதாவது ஒரு கேபினட்டின் மூடியைத் திறந்து அளந்து பார்க்கவும், அதன் ஃபேனை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்கவும் தயவுசெய்து அனுமதியுங்கள்.

நன்றியுடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு வாசிப்பாளர்