மொன்செராட் பயணம்: வருகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. மொன்செராட் மலை மேலுள்ள மாதா மடத்துக்குப் போக, வியாழன் காலை பார்சிலோனாவின் பிளாசா எஸ்பான்யா நிலையத்தில் கூடுகிறோம். ஆர்5 ரயில். மலையேறக் கேபிள் காரா, பல்சக்கர ரயிலா (பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் மலை ரயில்) என்று டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்; இரண்டுக்கும் இறங்கும் நிலையம் வேறு. நமக்குப் பல்சக்கர ரயில்தான், அதனால் மொனிஸ்ட்ரோலில் இறங்குங்கள். கேபிள் கார் நிலையம் அதற்கு முன்பே வரும், அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். போன முறை நான் இறங்கி முழித்தேன்!

மடம் சுமார் 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று சிலுசிலுக்கும். மேலே ஒரு சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுத்த மாதா சுரூபம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். வலக்கையில் ஏந்திய உருண்டை மட்டும் கண்ணாடிக்கு வெளியே இருக்கும். தொட்டுத் தொட்டு வழவழப்பாகிவிட்டது. அதைத் தொட்டுத்தான் வேண்டிக்கொள்வார்கள். ஆளுக்குச் சில விநாடிதான் கிடைக்கும், ஆகவே வேண்டுதலை வரிசையிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். 1522-ல், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தன் வாளை இந்த மாதாவிடம்தான் விட்டுப்போனார்.

அப்புறம், கால் தெம்பு உள்ளவர்கள் 1,236 மீட்டர் உயர சாந்த் ஜெரோனி சிகரத்துக்கும் போகலாம். நான் வரவில்லை, முட்டி கேட்காது.

இன்று இரவுக்குள் பெயர் போடுங்கள்.